ஆசான் முதல் பயிற்சியாளர் வரை

நுழையும்முன்

தேர்வு நெருங்கினால் பள்ளிகளில் முதலில் பூட்டப்படுவது விளையாட்டு அறையே. 'ஆடினால் படிப்புக் கெடும்' என்று அஞ்சிய பெற்றோர் பலர், இன்று விடியற்காலையில் தம் பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்து வருகின்றனர். இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? இதனால் இளையோர்க்கு விளைந்தவை நன்மைகள் மட்டுந்தாமா? விளையாட்டைக் கற்பிப்போர்க்கு வழங்கிய பெயர்களின் வழியே இவ்வினாக்களுக்கு விடை காண்போம்.

ஆசான்

தமிழகத்துச் சிற்றூர்களில் சிலம்பம் கற்பிப்பவர் 'ஆசான்' எனப்பட்டார். மண்ணையும் ஆசானையும் வணங்கிய பின்னரே பயிற்சி தொடங்கும். கம்பு சுழற்றும் முன் காலடி வைக்கும் முறையைக் கற்க வேண்டும். இவ்வாறு, அடக்கமும் பொறுமையும் பயிற்சியின் பகுதிகளாயின. எனினும், ஆசானின் சொல்லுக்கு மறுசொல் இல்லை. கற்கும் வாய்ப்பைப் பெற்றோரும் பெரும்பாலும் ஆண்களே.

உடற்கல்வி ஆசிரியர்

1920ஆம் ஆண்டு ஹாரி குரோ பக், சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியைத் தொடங்கினார். விளையாட்டைக் கற்பிக்கவும் முறையான படிப்புத் தேவை என்னும் எண்ணம் வேரூன்றியது. ஆயினும், பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் நெடுங்காலம் 'டிரில் மாஸ்டர்' என்றே அழைக்கப்பட்டார். வரிசையை ஒழுங்குபடுத்துவதே அவர் பணி எனப் பலரும் கருதினர். அவருடைய பாடவேளையைப் பிற பாடங்கள் எடுத்துக்கொண்டன.

அவர் பணியின் அருமைக்கு ஒரு சான்று காண்போம். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து ஏறியதால் வலக்கால் சிதைந்தவர். பள்ளியில் கைப்பந்து ஆடிய அவரை உயரம் தாண்டத் தூண்டியவர் உடற்கல்வி ஆசிரியரே. 2016இல் ரியோ பாராலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார் மாரியப்பன்.

பயிற்சியாளர்

1992இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் உருவானது. அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடும் வந்தது. சென்னையைச் சேர்ந்த குகேஷ் 2024இல் தம் 18ஆம் வயதில் உலகச் சதுரங்க வாகையர் ஆனார். 2025இல் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் சென்னைக் கண்ணகி நகரின் கார்த்திகா இடம்பெற்றார். 'பெண்ணுக்கு எதற்குக் கபடி?' என்னும் வினா வலுவிழந்து வருகிறது.

வெற்றியின் விலை

பெற்றோரின் அச்சம் நீங்கிய இடத்தில் இன்று பேராவல் குடியேறியுள்ளது. சிறு வயதிலேயே ஒரே விளையாட்டில் ஓய்வின்றிப் பழக்குகின்றனர். வளரும் பருவத்தில் எலும்புகளின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மென்மையானவை. ஒரே அசைவை மிகுதியாகத் திரும்பச் செய்தால் அவை பழுதுறும். வலியைத் தாங்குவதே வீரம் என்று கற்பிப்பது, காயத்தை மறைக்கவே மாணவரைப் பழக்கும். பலர்முன் இகழ்வது ஆர்வத்தை அழிக்கும். எனவே, நல்ல பயிற்சியாளர் ஓய்வையும் பயிற்சியின் பகுதியாக்குகிறார்; பிழையைச் சுட்டும்போது மாணவரின் மதிப்பைக் காக்கிறார்.

தெரிந்து தெளிவோம்

பயிற்சியிடத்தில் எவரேனும் தகாத முறையில் நடந்துகொண்டால் அதை மறைக்க வேண்டியதில்லை. நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் கூறலாம். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம் 2012 முதல் நடைமுறையில் உள்ளது.

பதக்கம் பெறுவோர் சிலரே. ஆடும் உரிமையோ அனைவர்க்கும் உண்டு. தோற்ற மாணவர் மறுநாளும் மகிழ்ச்சியோடு திடலுக்கு வருவாராயின், அவருடைய பயிற்சியாளர் தம் கடமையைச் செவ்வனே செய்தவராவார்.