கியா பார்மிலிருந்து பத்துமலைக்கு: குகை வழிப் பயணம்

தைப்பூசம் நெருங்கினால், கேமரன் மலையின் கியா பார்ம் பகுதியிலிருந்து பத்துமலை நோக்கிப் புறப்படும் குடும்பத்தினர் விடியுமுன்னரே கட்டுச்சோற்றுடன் வண்டியேறுவர். காய்கறித் தோட்டங்களையும் மலைச்சரிவுகளையும் கடந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கியதும் குளிர் விலகும். செங்குத்தான சுண்ணாம்புக்கல் மலைகள் கண்ணெதிரே எழுந்து நிற்கும்.

மழைநீர், காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமிலவாயுவை ஏற்றுச் சிறிதளவு அமிலத்தன்மை பெறுகின்றது. அந்நீர் பல இலட்சம் ஆண்டுகளாகக் கல்லைக் கரைத்ததால் உண்டானவையே இம்மலைகளின் குகைகள். கூரையினின்று சொட்டும் நீர் விட்டுச்செல்லும் சுண்ணாம்பே கல்விழுதாக வளர்கின்றது.

முதலில் ஈப்போ சென்று, குனோங் சீரோ அடிவாரத்திலுள்ள கல்லுமலை முருகனைத் தரிசிப்போர் பலர். அழகிய அம்மலைக்கு ஒரு துயர வரலாறும் உண்டு. 1973 அக்டோபர் 18-ஆம் நாள், மலையினின்று பெயர்ந்த பெரும்பாறை குடியிருப்பின்மீது விழுந்து சுமார் 40 உயிர்களைப் பலிகொண்டது. எச்சரிக்கைப் பலகையுள்ள இடங்களில் பிள்ளைகளை நிறுத்திப் படமெடுப்போர் இதனை மறத்தலாகாது.

அடுத்து, தெற்கே கோப்பேங் அருகிலுள்ளது குவா தெம்புரோங். ‘தெம்புரோங்’ என்றால் தேங்காய்ச் சிரட்டை. சிரட்டையைக் கவிழ்த்தாற்போன்ற கூரைகளின் கீழே ஆறொன்று ஓடுகின்றது. பெருமழையில் அவ்வாறு பெருகக்கூடும். ஆதலால் குகை திறந்துள்ளதா என முன்கூட்டியே விசாரித்து, வழிகாட்டியின் சொற்கேட்டு நடப்பதே நன்று.

நிறைவாகப் பத்துமலை. தம்புசாமிப் பிள்ளையவர்களின் முயற்சியால் 1891-இல் இக்குகையில் முருகப்பெருமான் பிரதிட்டை செய்யப்பெற்றார். 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்படுகின்றது. 2006-இல் திறக்கப்பெற்ற 140 அடி உயரத் திருவுருவத்தை வணங்கி, 272 படிகளேறிக் குகையினுள் நுழையும் பேரப்பிள்ளைகள், இவ்வளவு பெரிய மண்டபத்தைக் கட்டியவர் யாரென்று தாத்தாவிடம் கேட்பதுண்டு. சிற்பியின் உளிபடாமல் இறைவனே அமைத்துக்கொண்ட கருவறை என்பதே அதற்குரிய விடை.

கருவறைச் சுவரில் பெயர் கிறுக்க யார் துணிவார்? குகைச் சுவருக்கும் அதுவே நெறி. கல்விழுதைக் கையால் தொட்டாலே, படியும் எண்ணெய்ப்பசையால் அதன் வளர்ச்சி தடைப்படும். ஒடித்துவிட்டால், நம் கொள்ளுப்பேரர் காலத்திலும் அது மீண்டும் வளராது. எனவே நெகிழிப்பைகளையும் புட்டிகளையும் உடன் எடுத்துத் திரும்புங்கள். குரலைத் தாழ்த்திக் குமரன் நாமத்தை மனத்தில் சொல்லுங்கள். அப்பன் குடியிருக்கும் குகையைக் கெடாமல் பிள்ளைகளிடம் ஒப்படைப்பதும் ஒரு நேர்த்திக்கடனே.