ஆலோசனைக்கு அழைக்கப்பட்ட வைத்தியர்: 1776ஆம் ஆண்டின் நோயாளர் வரலாறு ஒன்று

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவ வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரிசையையே நோக்குவர். எந்த மருந்து எந்த ஆண்டில் எவராற் கண்டறியப்பட்டது என்பனவே பாடநூல்களிற் பதியப்படுகின்றன. ஒரு வைத்தியர் தம்மாற் குணப்படுத்தவியலாத நோயாளியொருவரைக் குறித்து மற்றொரு வைத்தியரின் கருத்தை நாடும்போது அவ்விருவரிடையே நிகழ்வது யாது என்பது அத்துணைக் கவனம் பெறுவதில்லை. ஆயின் மருத்துவச் சஞ்சிகைகள் அருகியே இருந்த அக்காலத்தில் ஒருவரது அனுபவம் மற்றொருவருக்குப் போய்ச் சேர்வதற்கு அஃதே முக்கியமான வழியாயிருந்தது.

எடின்பரோவில் வாழ்ந்த பேராசிரியர் வில்லியம் கலன் (1710–1790) என்பாருக்குப் பல நாடுகளிலிருந்தும் வைத்தியர்களும் நோயாளர்களும் கடிதம் எழுதி ஆலோசனை கேட்டனர். அவ்வகைக் கடிதங்களும் அவர் விடுத்த மறுமொழிகளும் ஆயிரக்கணக்கில் எடின்பரோ அரச வைத்தியர் கல்லூரியில் இன்றும் பேணப்படுகின்றன. ஜேம்ஸ் வாட் அமைத்த படியெடுக்கும் பொறியைக் கலன் 1781 முதலாகப் பயன்படுத்தித் தம் மறுமொழிகளுக்குப் படி வைத்துக்கொண்டமையாலேயே அவற்றுட் பல நமக்குக் கிடைத்துள்ளன. நோயாளியை நேரிற் காணாமலே மருந்து விதிக்கும் இம்முறை நமக்கு வியப்பளிக்கலாம். இதயவொலி கேட்குங் கருவியும் குருதியமுக்கங் காணுங் கருவியும் வைத்தியரின் கைக்கு வராத காலம் அது. நாடி, நாக்கு, சிறுநீர், நோயாளி தாமே கூறும் வரலாறு ஆகியனவே நோய் நாடுதற்குரிய சான்றுகள். இவற்றைக் கடிதத்தில் எழுதிவிடலாம். ஆதலாற் கடிதமே போதுமாயிற்று.

ஈண்டு நாம் எடுத்துக்கொள்வது கடிதவழி ஆலோசனையன்று. நோயாளியின் கட்டிலருகே வைத்தியர் இருவர் சந்தித்த நிகழ்ச்சியாகும். அவ்விருவருள் மூத்தவர் எராஸ்மஸ் டார்வின் (1731–1802). பரிணாமக் கொள்கையால் உலகறிந்த சாள்ஸ் டார்வினுக்குப் பாட்டனாரான இவர், லிச்பீல்ட் நகரில் 1756 முதல் வைத்தியம் பார்த்துப் பெரும்புகழ் எய்தியவர், கவிஞருமாவர். இளையவர் வில்லியம் விதரிங் (1741–1799). ஷ்ரொப்ஷயர்ப் பகுதியைச் சேர்ந்த இவர் எடின்பரோவில் 1766இற் பட்டம் பெற்று ஸ்ராபோட் நகரிற் பணியாற்றினார். 1775இல் பேமிங்காம் நகரின் வைத்தியர் வில்லியம் ஸ்மோல் காலமானபோது, அவ்விடத்துக்கு வருமாறு விதரிங்கைத் தூண்டியவர் டார்வினே. பின்னர் இருவரும் 'லூனார் சங்கம்' எனப்பட்ட அறிஞர் குழுவிற் சேர்ந்திருந்தனர். விதரிங் தாவரவியலிலும் வல்லவர். பிரித்தானியத் தாவரங்கள் பற்றிய அவரது பெருநூல் 1776இல் வெளிவந்தது. அவரது தாவரவியற் புலமை இவ்வரலாற்றுக்கு இன்றியமையாததாகும்.

உடலில் நீர் தேங்கி வயிறும் கால்களும் வீங்கும் நிலையை அக்கால ஆங்கில வைத்தியர் 'டிரொப்சி' என்றனர். நம்மவர் வைத்திய நூல்கள் மகோதரம், சோபை என வேறுபடுத்திக் கூறுவனவற்றுட் பலவும் இந்த ஒரு சொல்லினுள் அடங்கின. அந்நோய்க்கு ஷ்ரொப்ஷயரில் மூதாட்டியொருவர் நெடுங்காலம் மறைவாக வைத்திருந்த குடும்ப மருந்தொன்று பற்றி 1775இல் விதரிங்கின் கருத்துக் கேட்கப்பட்டது. அம்மருந்தில் இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. அவற்றுள் உண்மையில் வேலை செய்யவல்லது 'பொக்ஸ்குளோவ்' என்னும் செடியன்றி வேறாகாது என்பதைத் தாவரங்களை அறிந்த விதரிங் எளிதிற் கண்டுகொண்டார். அதன் தாவரவியற் பெயர் டிஜிட்டாலிஸ். அம்மூதாட்டிக்கு 'ஹட்டன் பாட்டி' எனப் பெயர் சூட்டி, அவர் விதரிங்கோடு பேரம் பேசியதாகவும் எழுதுவாருளர். அப்பெயர் விதரிங்கின் நூலில் எங்கும் இல்லை. 1928இல் அமெரிக்க மருந்துக் கம்பனியொன்று வெளியிட்ட விளம்பரத்திற் பிறந்த கற்பனை அது. விளம்பரம் வரலாறாவதற்கு நெடுங்காலம் வேண்டியதில்லை போலும்.

இனி நோயாளரை நோக்குவாம். விதரிங் தமது நூலிற் பெயரின் முதலெழுத்தால் மட்டுமே குறிப்பிடும் இப்பெண்மணி நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதினர். குளிர்நடுக்கத்தோடு தொடங்கிய காய்ச்சல், இடப்பக்கத்திற் கடும் நோவு, மூச்சடைப்பு, ஓயாத இருமல், சில நாட்களின் பின் மிகுதியான சளி என்பன அவருக்குக் கண்டன. 1776 யூன் 4ஆம் நாள் டார்வின் அழைக்கப்பட்டார். யூன் நடுப்பகுதி முதல் யூலை 25 வரை அடைப்பு நீக்குவன, உடலுக்கு வலுவூட்டுவன, இசிவு தணிப்பன, சிறுநீர் பெருக்குவன, மலம் போக்குவன எனப் பலவகை மருந்துகளை அவர் மாறிமாறிக் கொடுத்தார். அக்கால மருந்துப்பெட்டி முழுவதும் திறந்து பார்க்கப்பட்டுவிட்டது எனலாம். ஓரளவு பயன் தந்தது இப்பிக்காக்குவானா என்னும் வாந்தி மருந்து ஒன்றே. அதன் அளவும் 15 கிரெயினிலிருந்து 40 கிரெயின் வரை ஏறிற்று. இறுதி நாட்களில் அவ்வளவு கொடுத்தும் வாந்தி உண்டாகவில்லை.

யூலை 25ஆம் நாள் அந்த வீட்டில் டார்வினைச் சந்திக்குமாறு விதரிங் கேட்டுக்கொள்ளப்பட்டார். அவர் கண்ட காட்சி: நோயாளர் மூச்சுத்திணறி மடியும் தறுவாயில் இருந்தார். நாடி மிக மெலிந்து ஒழுங்கற்றிருந்தது. கைகள் ஈயநிறம் பூண்டு பிசுபிசுத்துக் குளிர்ந்திருந்தன. படுக்கையிற் சாயவியலவில்லை. வயிறும் தொடைகளும் கால்களும் பெரிதும் வீங்கியிருந்தன. சிறுநீரோ அரிதாக, ஒரு முறைக்கு ஒரு கரண்டியளவே இறங்கிற்று. கால்களைக் கீறி நீரை வடிக்கலாம் என்ற யோசனை முன்னரே கூறப்பட்டும் ஏற்கப்படவில்லை.

இவ்விடத்திலேயே, எமது கருத்தின்படி, இவ்வரலாற்றின் உயிர்நாடி உள்ளது. விதரிங் டிஜிட்டாலிசை எட்டு மாதங்களுக்குள்ளாகவே பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்; இப்பெண்மணி அவருடைய நூலில் நான்காம் நோயாளர். அம்மருந்து தவிர வேறெதுவும் பயன்படாது என்று அவர் கருதினார். ஆயினும் அதனைச் சொல்லத் தயங்கினார்; தயக்கத்துக்குரிய காரணங்களையும் ஒளிக்காது எழுதிவைத்தார். நோயாளர் எதனாலும் பிழைப்பது அரிது என்பது ஒன்று. அவர் இறப்பின், மக்களுக்குப் பெரும்பயன் தரக்கூடிய மருந்து பழிக்கப்பட்டு ஒதுக்கப்படும் என்பது மற்றொன்று. முறையாகப் பயின்ற வேறெந்த வைத்தியரின் அனுபவமும் துணைநில்லாத மருந்தொன்றை விதித்தமைக்காகத் தாம் குற்றஞ்சாட்டப்படலாம் என்பது இன்னுமொன்று. மருந்தின் எதிர்காலத்தையும் தம் பெயரையும் ஒரு தட்டிலும், எதிரே கிடந்த உயிரை மறுதட்டிலும் வைத்து அவர் நிறுத்துப் பார்த்தார். அந்த உயிரைக் காக்கும் விருப்பமே இறுதியில் விஞ்சிற்று. வெற்றி கிட்டிய பின்னர் எழுதும் வைத்தியர் தம் அச்சத்தை மறைத்துவிடுவதே எளிது. விதரிங் அவ்வாறு செய்யாமையினாலேயே அவர் கூற்று நம்பத்தக்கதாகின்றது.

டார்வின் உடனே இணங்கினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகாலப் பயிற்சியும் பெரும்புகழும் உடைய ஒருவர், தமக்கு இளையவரும் தம்மாற் பேமிங்காமுக்குக் கொணரப்பட்டவருமான ஒருவர் கூறிய மருந்தை வாதமின்றி ஏற்றமை சாதாரணமானதன்று. அம்மருந்து கொடுக்கப்படுவதைத் தாம் கண்டதில்லையாதலால், தயாரிப்பையும் அளவையும் விதரிங்கிடமே விட்டார். நான்கு அவுன்ஸ் பச்சையிலையை ஒன்றரை இறாத்தல் ஊற்றுநீரிலிட்டு ஓர் இறாத்தலாக வற்றக் காய்ச்சி வடித்து, அக்கஷாயத்தில் ஒன்றரை அவுன்ஸ் எடுத்துச் சாதிக்காய் நீர் சிறிது கலந்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை கொடுக்குமாறு விதிக்கப்பட்டது. நோயாளர் ஐந்து வேளை அருந்தினார். கடுமையான குமட்டல் உண்டாயிற்று. ஆயின் முதல் இருபத்துநான்கு மணித்தியாலத்துள் எட்டுக் குவார்ட்டுக்கு மேல், அதாவது 7 லீற்றருக்கு மேற்பட்ட சிறுநீர் இறங்கிற்று. மூச்சு இலகுவாயிற்று; நாடி நிறைந்து ஒழுங்குபட்டது; கால்வீக்கம் வடிந்தது. ஓகத்து முதலாம் நாள் விதரிங் பார்த்தபோது நீர்வீக்கத்தின் அடையாளமே இருக்கவில்லை. நோயாளர் மெலிந்திருந்தார், அவ்வளவே.

இடைப்பட்ட நாளொன்றில் நிகழ்ந்ததும் குறிப்பிடற்பாலது. யூலை 26இல் டார்வின் தாமாகச் சில மருந்துகளை முன்மொழிந்தார்: பரெய்ரா வேரும் குவாயக்கச் சீவலும் சேர்ந்த கஷாயம், வெள்ளைப்போளமும் துத்தநாக உப்பும் சேர்ந்த குளிகை முதலியன. விதரிங் உடனே உடன்பட்டார். முதல்நாள் தாம் பெற்ற இணக்கத்தை மறுநாள் அவர் திருப்பிச் செலுத்தினார் என்றே இதனை நாம் கொள்கின்றோம். கூடி ஆலோசிக்கும் வைத்தியரிடையே இத்தகைய கொடுக்கல் வாங்கல் அந்நாளில் மரபு. மருந்தியல் நோக்கில் அக்குளிகைகளாற் பெரும்பயன் விளைந்திராது.

இன்றைய மருத்துவர் இவ்வரலாற்றைப் படிப்பின், ஒழுங்கற்ற நாடியும் நீர்வீக்கமும் இதயச் செயலிழப்பைச் சுட்டுவன என்பர். விதரிங் டிஜிட்டாலிசைச் சிறுநீர் பெருக்கும் மருந்தாகவே முதன்மையாகக் கருதினார். எனினும் வேறெம்மருந்திலும் காணப்படாத அளவுக்கு இதயத்தின் இயக்கத்தை அஃது ஆளுகின்றது என்பதையும் அவர் கவனித்து எழுதினார். முதலில் அவர் கொடுத்த அளவு அபாயகரமானது. பின்னர் அவரே அதனைத் திருத்தி, செடி பூக்கும் பருவத்திற் பறித்து உலர்த்திய இலைத்தூளை ஒன்று முதல் மூன்று கிரெயின் வரை நாளைக்கு இருமுறை கொடுக்கும் விதியை வகுத்தார். சிறுநீரகம், இரைப்பை, நாடி, குடல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் மருந்தின் செயல் தோன்றியதும் அதனை நிறுத்திவிட வேண்டும் என்றும் வற்புறுத்தினார். அளவு மிஞ்சின் பொருள்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் தோன்றும் என்பதும் நாடி மிகத் தாழும் என்பதும் அவர் குறித்தனவே. இவ்வினத்துச் செடியொன்றிலிருந்து 1930இற் பிரித்தெடுக்கப்பட்ட டிகொக்சின் சில இதய நோய்களுக்கு இன்றும் வழங்கப்படுகின்றது.

கட்டிலருகே காணப்பட்ட இப்பெருந்தன்மை அச்சேறியபோது நிலைக்கவில்லை. டார்வினின் மூத்த மகன் சாள்ஸ், எடின்பரோவில் மருத்துவம் பயிலுகையில் 1778இல், இருபது வயது நிறையுமுன் இறந்தார். 1780இல் அம்மகனின் ஆய்வை அச்சிட்ட தந்தையார், டிஜிட்டாலிஸ் பற்றிய நோயாளர் குறிப்புகளை அதன் பின்னிணைப்பாக வெளியிட்டார். அவற்றுள் நாம் மேலே கண்ட பெண்மணியின் வரலாறும் உண்டு. விதரிங்கின் பெயர் இல்லை. 1785 மார்ச்சில் இலண்டன் வைத்தியர் கல்லூரியில் வாசிக்கப்பட்ட டார்வினின் கட்டுரையிலும் அப்பெயர் இடம்பெறவில்லை. மகனை இழந்த துயரை முதலாவதற்குக் காரணமாகக் கூறலாம்; இரண்டாவதற்கு அக்காரணமும் பொருந்தாது.

விதரிங்கின் நூல் அதே ஆண்டு யூலையிற் கையொப்பமிட்ட முன்னுரையோடு வெளிவந்தது. பத்தாண்டுகளில் தாம் கண்ட 163 நோயாளரையும் அதில் அவர் வரிசைப்படுத்தினார். குணமடைந்தோரை மட்டும் தெரிந்தெடுக்கவில்லை, மருந்து பயன்படாதோரையும் மறையாது சேர்த்தார். நான்காம் நோயாளர் வரலாற்றில் டார்வினின் பெயரைத் தெளிவாகக் குறித்து, அவருடைய இணக்கத்தையும் பாராட்டினார். தாம் இதனை விரிவாக எழுதுவதற்குக் காரணம், டார்வின் தம் மகனின் நூலில் இதனைச் சற்றுக் குறைபாட்டோடு கூறியிருப்பதே என்றும், அவர் நினைவை நம்பி எழுதியிருத்தல் கூடும் என்றும் சேர்த்துக்கொண்டார். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில நாகரிகத்தில் இதனினும் கூர்மையான கண்டனம் எழுதுதல் அரிது.

இருவரிடையேயும் இருந்த நட்பு நாளடைவில் முறிந்தது. டார்வினின் மற்றொரு மகனும் பிற்காலத்துச் சாள்ஸ் டார்வினின் தந்தையுமான ரொபேட், சுரூஸ்பரி நகரில் வைத்தியம் தொடங்கியிருந்தார். நோயாளர் ஒருவர் தொடர்பாக அவரும் விதரிங்கோடு முரண்பட்டார். 1789இல் அவ்வழக்கை அச்சிட்டு வைத்தியருலகின் முன் முறையீடாக வைத்தார்.