கப்பலின் இரு கவசங்கள்

அந்தமானின் தலைநகரில் உள்ள ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து, தீவுகளுக்கிடையே ஓடும் பயணிக் கப்பல்கள் நாள்தோறும் புறப்படுகின்றன. போர்ட் பிளேர் என நெடுங்காலம் வழங்கிய அந்நகருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்ற பெயர் அறிவிக்கப்பட்டது. கப்பல்களைப் பழுதுபார்க்கும் தளமும் அத்துறையிலேயே உண்டு. தீவுகளில் வாழ்வோருக்குக் கப்பலே பாதை. அதன் அடித்தகடு துருவினால் மெலிந்து கப்பல் முடங்குமாயின், நோயாளியும் மாணவனும் அரிசி மூட்டையும் கரையில் காத்திருக்க வேண்டியதுதான்.

எஃகுக் கப்பலை நீரிலிருந்து ஏற்றிப் பார்த்தால் இரண்டு காப்புகள் புலப்படும். ஒன்று, உடல் முழுவதையும் மூடிய வர்ணப்பூச்சு. மற்றொன்று, சுக்கானுக்கும் சுழல்விசிறிக்கும் அருகே பொருத்திய துத்தநாகக் கட்டிகள். இரண்டும் இருந்தால் இரண்டின் பலனையும் கூட்டிக்கொள்ளலாமா?

விளையாட்டு விதிகளை வகுப்போர்கூட இதை எளிதில் ஒப்புவதில்லை. 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டில், ஆடுவோர் வீரராகவும் மந்திரவாதியாகவும் பாத்திரம் ஏற்றுப் பகடை உருட்டிப் போர் புரிவர். அதன் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, மந்திரத்தால் பெறும் கவசம் வேறு கவசம் அணியாதவனுக்கே பலிக்கும். கேடய மந்திரமோ, அணிந்த கவசத்தின் மதிப்போடு 5 சேர்க்கும். ஒன்றுக்கு மாற்றாக நிற்கும் காப்பு வேறு. ஒன்றோடு சேரும் காப்பு வேறு. (நம் மொழியிலும் கவசம் என்னும் சொல் இரும்புச் சட்டையையும் காக்க வேண்டிப் பாடும் பாடலையும் குறிப்பது நினைக்கத்தக்கது.) கடலில் இத்தகைய விதியை வகுப்பது மின்வேதியியல்.

வர்ணப்பூச்சு எஃகையும் கடல்நீரையும் பிரித்து வைக்கிறது. துத்தநாகம் செய்வது வேறு தொழில். எஃகைவிட எளிதில் எலெக்ட்ரான்களை இழக்கும் இயல்புடையதாகையால், எஃகோடு உலோகத் தொடர்பு பெற்று ஒரே நீரில் மூழ்கியிருக்கும்போது அது தான் கரைந்து எஃகைக் காக்கிறது. பூச்சில் கீறல் விழுந்த இடத்திற்கு இதுவே துணை.

ஒரு கணக்குப் பார்ப்போம். நீருக்குள் இருக்கும் உடற்பரப்பு 500 சதுர மீட்டர் எனக் கொள்க. பூச்சற்ற எஃகைக் காக்க, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 0.1 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். மொத்தம் 50 ஆம்பியர். ஓராண்டின் 8,760 மணிக்கு 4,38,000 ஆம்பியர்-மணி. ஒரு கிலோ துத்தநாகம் ஏறக்குறைய 780 ஆம்பியர்-மணி தரும். ஆகவே ஆண்டுக்கு 560 கிலோ கரைந்துபோகும். நல்ல பூச்சு 95 சதவீதப் பரப்பை மூடியிருந்தால், 28 கிலோ போதும். பூச்சு துத்தநாகத்தின் ஆயுளை நீட்டுகிறது. துத்தநாகம் பூச்சின் குறையை ஈடுசெய்கிறது.

எனினும் இக்கூட்டுறவுக்கு எல்லை உண்டு. நீர்மட்டத்துக்கு மேலே அலை தெறிக்கும் பகுதியில் துத்தநாகம் உதவாது. அங்கே பூச்சு ஒன்றே கதி. அழகுக்காகத் துத்தநாகக் கட்டியின்மீதும் வர்ணம் தீட்டிவிட்டால் அது வெறும் பாரமே. காக்கும் மின்னோட்டம் மிகையானாலோ, எஃகின் மேற்பரப்பில் காரம் பெருகிப் பூச்சு உரிந்துவிடும்.

ஒரு காப்பு மற்றொன்றை அழித்த கதை பழமையானது. மரக்கப்பல்களைத் துளைக்கும் கப்பற்புழுவைத் தடுக்க, 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை ‘அலார்ம்’ என்னும் கப்பலின் அடியில் செம்புத் தகடு வேய்ந்தது. புழு அணுகவில்லை, ஆனால் செம்பைத் தொட்ட இரும்பாணிகள் அரித்துப்போயின. தகட்டைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் இடையில் தங்கியிருந்த இடங்களில் மட்டும் ஆணிகள் நலமாக இருந்தன. பின்னர் செம்பே கரைவதைத் தடுக்க வழி கேட்டபோது, ஹம்ஃப்ரி டேவி 1824-இல் செம்போடு துத்தநாகத்தையோ இரும்பையோ இணைக்குமாறு கூறினார். செம்பு கரைவது நின்றது. அறிவியல் வென்றது என்றே தோன்றியது. ஆனால் கப்பலின் அடியில் பாசியும் கொட்டலசும் மண்டி, அதன் வேகம் குறைந்தது. சிறிது சிறிதாகக் கரைந்த செம்பே அவ்வுயிர்களுக்கு நஞ்சாக இருந்தது. கரைவதை நிறுத்தியதும் நஞ்சும் நின்றது. கடற்படை அம்முறையைக் கைவிட்டது. டேவியின் வேதியியலில் பிழையில்லை. செம்பு ஒரே வேளையில் இரண்டு தொழில் செய்துவந்தது கணக்கில் வராமற்போயிற்று.

இத்தகைய ஆய்வுகளுக்கெனக் காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபத்தில் கடல் அரிமானத்தை ஆராயும் மையமும் அமைத்துள்ளது.

பள்ளியில் இதைக் காட்ட ஐந்து இரும்பாணிகள் போதும். ஒன்றை வெறுமையாக விடுக; ஒன்றில் செம்புக் கம்பியையும், மற்றொன்றில் துத்தநாகத் தகட்டையும் இறுகச் சுற்றுக. எஞ்சிய இரண்டிற்கும் வர்ணம் பூசி உலரவிட்டு, ஊசியால் கீறி, அவற்றுள் ஒன்றன் தலையைச் சுரண்டித் துத்தநாகத்தை இணைக்க. ஐந்தையும் தனித்தனிக் குவளையில் உப்புநீரில் முழுவதும் மூழ்கவைத்து, ஒரு வாரம் நாள்தோறும் நோக்குக. செம்பு சுற்றிய ஆணியே முந்தித் துருவேறும். கீறிய இரண்டு ஆணிகளிலும் கீறலை உருப்பெருக்கிக் கண்ணாடியால் மாணவரே ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.