வேரை விட்டால் கரை நிற்கும்
(வெட்டிவேர் வளர்ப்பு: ஒரு சிவில் மாணவனின் அனுபவக் குறிப்புகள்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்றார்கள். கவிதை எனக்கு வராது. எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒரு புல். "புல்லைப் பத்தி என்னடா எழுதப் போற?" என்று என் அறை நண்பன் சிரித்தான். நீங்களும் சிரித்துக் கொள்ளுங்கள். ஆனால் கடைசி வரை படித்து விடுங்கள். முடிவில் உங்களிடம் ஒரு உதவி கேட்கப் போகிறேன்.

அந்தப் புல்லின் பெயர் வெட்டிவேர். நமக்கெல்லாம் அதன் வேரைத்தான் தெரியும். கோடையில் பானைத் தண்ணீரில் போடுகிறோம். தட்டியாகப் பின்னி ஜன்னலில் கட்டித் தண்ணீர் தெளிக்கிறோம். சாமிக்கு மாலையாகப் போடுகிறோம். அந்த வேருக்கு மேலே ஒரு அழகான புல் இருக்கிறது என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்போம்? இடுப்புயரத்துக்கு மேல் அடர்ந்து வளர்ந்து, நுனி மட்டும் நாலா பக்கமும் வளைந்து நிற்கும். தோட்டப் பாதையின் இரண்டு பக்கமும் வரிசையாக வைத்தால் காசு போட்டு வாங்கும் அலங்காரச் செடி தோற்றுப் போகும். ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் இருக்கும்.

இன்னொரு பெருமையும் உண்டு. ஆங்கிலத்தில் இதை 'வெட்டிவர்' என்கிறார்கள். அது நம் தமிழ்ச் சொல்தான். முன்பு தாவரவியல் பெயரே 'வெட்டிவேரியா சைசனியாய்டிஸ்' என்றிருந்தது. இப்போது 'கிரைசோபோகான் சைசனியாய்டிஸ்' என்று மாற்றி விட்டார்கள்.

எங்கள் வீட்டுக் கரை

நான் கடலூர் மாவட்டத்துக் கடலோரக் கிராமத்துக்காரன். எங்கள் பக்கம் மணல் பூமி. சவுக்கு, முந்திரி, வெட்டிவேர் இவைதான் பிழைப்பு. அப்பா குத்தகைக் கொல்லையில் வெட்டிவேர் போடுகிறார். நட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனால்தான் வேர் எடுக்க முடியும். ஆழமாகத் தோண்டி, மண்ணை உதறி, வேரை அலசிக் காயவைத்து விற்க வேண்டும். மணலில்தான் வேர் அறுபடாமல் வரும். அதனால்தான் எங்கள் ஊர் வேருக்கு மதிப்பு.

வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓடை. அதன் கரையில் எங்கள் ஆயா எப்போதோ ஒரு வரிசை வெட்டிவேர் நட்டு வைத்திருந்தது. அதை மட்டும் யாரையும் தோண்ட விடாது. 2015 நவம்பரில் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது நான் சின்னப் பையன். ஓடையின் எதிர்க்கரை பாளம் பாளமாகச் சரிந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன். எங்கள் கரையில் புல் தண்ணீரில் படுத்துக் கிடந்தது. வெள்ளம் வடிந்த பிறகு எழுந்து நின்றது. கரையும் நின்றது, வீடும் நின்றது.

நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருஷம் குத்தகைக் கொல்லையில் வேர் முற்றவில்லை. எட்டு மாதப் பயிர். ஹாஸ்டல் முன்பணம், யூனிஃபார்ம், ஷூ, டிராஃப்டர் என்று கணக்கு ஏறிக்கொண்டே போனது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். கரையில் இருக்கும் பழைய வேரைத் தோண்டி விடலாமா என்று அப்பா யோசித்தார். வேர் வாங்குகிறவரும் வந்து பார்த்து விட்டுப் போனார். ஆயா ஒரே வார்த்தைதான் சொன்னது:

"வேர எடுத்தா காசு, விட்டா கரை. எது வேணும்னு நீயே பார்த்துக்க."

மறுநாள் அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது. நான் இங்கே வந்து சேர்ந்தேன். கரை அப்படியே இருக்கிறது. தோடு இன்னும் திரும்பவில்லை.

அப்படி என்ன இருக்கிறது அந்த வேரில்?

இங்கே வந்து படித்த பிறகுதான் ஆயா சொன்னதன் அர்த்தம் புரிந்தது. சாதாரணப் புல்லின் வேர் பக்கவாட்டில் பரவும். வெட்டிவேரின் வேர் கொத்தாக, நேர் கீழே இறங்கும். நல்ல மண்ணில் 3 மீட்டர் ஆழம் வரைக்கும் போகும். சரியும் மேல்மண்ணைக் கீழே இருக்கும் கெட்டி மண்ணோடு சேர்த்துத் தைத்து விடும்.

1996-இல் வெளியான ஒரு ஆய்வின்படி இந்த வேரின் இழுவிசை வலிமை சராசரியாக ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 75 நியூட்டன். நாம் லேபில் யு.டி.எம். மெஷினில் இழுத்துப் பார்க்கிறோமே மைல்டு ஸ்டீல், அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு! கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.8 மி.மீ. விட்டமுள்ள ஒரு வேரின் குறுக்குப் பரப்பு சுமார் 0.5 சதுர மி.மீ. அதை அறுக்க 37 நியூட்டன், அதாவது கிட்டத்தட்ட 4 கிலோ எடை வேண்டும். நூல் மாதிரி ஒரு வேருக்கே இப்படி என்றால், ஒரு தூரில் எத்தனை நூறு வேர்!

மண்ணுக்கு மேலேயும் வேலை நடக்கிறது. நெருக்கமாக நட்ட வரிசை ஒரு வேலியாகி விடும். ஓடி வரும் மழைநீர் அதில் மோதி வேகம் குறைகிறது. மண் இந்தப் பக்கம் தங்கி விடுகிறது, தண்ணீர் மட்டும் வடிந்து போகிறது.

1980-களில் உலக வங்கியில் பணியாற்றிய ரிச்சர்ட் கிரிம்ஷா, ஜான் கிரீன்ஃபீல்டு ஆகிய இருவரும் இந்தியாவில் இந்த முறையைப் பரப்பினார்கள். கிரீன்ஃபீல்டு 1950-களிலேயே ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் இதைச் செய்து பார்த்தவர். ஆனால் கர்நாடகாவில் மைசூருக்குத் தெற்கே குண்டலுப்பேட்டைப் பகுதி விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வயல் வரப்பில் இதை நட்டு வந்திருக்கிறார்கள். எங்கள் ஆயாவும் எந்தப் புத்தகமும் படிக்கவில்லை!

நடுவது எப்படி?

1. இடம்: நல்ல வெயில் வேண்டும். இளம் நாற்றுக்கு நிழல் ஆகவே ஆகாது. மண் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. அழகுக்காக நடுகிறவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

2. நாற்று: விதை தேட வேண்டாம். தென்னிந்திய வகையில் முளைக்கும் விதை அநேகமாகக் கிடையாது. அதனால் களையாகப் பரவும் என்ற பயமும் இல்லை. வடஇந்தியாவில் தானாக வளரும் வகை விதை விடும், அதை வாங்கக் கூடாது. பழைய தூரைத் தோண்டி, இரண்டு மூன்று தண்டு சேர்ந்தாற்போலப் பிரித்துக் கொள்ளவும்.

3. வெட்டுதல்: இலையை 20 செ.மீ. விட்டு மேலே வெட்டி விட வேண்டும். வேரையும் 5 முதல் 10 செ.மீ. வரை விட்டால் போதும். பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் இலையை விட்டு வைத்தால் அதன் வழியாக ஈரம் போய் நாற்று காய்ந்து விடும்.

4. இடைவெளி: சரிவுக்குக் குறுக்காக, ஒரே மட்டத்தில் வரிசை போட வேண்டும். லெவல் எடுக்கத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையா? நாற்றுக்கு நாற்று 10 முதல் 15 செ.மீ. செங்குத்தான கரை என்றால் 1 மீட்டர் உயரத்துக்கு ஒரு வரிசை. அழகுக்கு மட்டும் என்றால் தள்ளித் தள்ளி நடலாம், ஒவ்வொரு தூரும் உருண்டையாக விரியும்.

5. காலம்: எங்கள் பக்கம் ஆவணி, புரட்டாசி. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் வேர் பிடித்து விட வேண்டும். குழியில் கொஞ்சம் மக்கிய மாட்டெரு போட்டால் நல்லது.

6. தண்ணீர்: முதல் இரண்டு வாரம் தினமும். அப்புறம் வேர் பிடிக்கும் வரை இரண்டு நாளைக்கு ஒரு தடவை. நன்றாகத் தூர் கட்டிய பிறகு வறட்சியும் தாங்கும், தண்ணீர் தேங்கினாலும் தாங்கும்.

பராமரிப்பு

செத்துப்போன நாற்றுக்கு உடனே மாற்று நாற்று வைக்க வேண்டும். ஒரு பொக்கை இருந்தாலும் தண்ணீர் அந்த வழியாகத்தான் அரிக்கும். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை அரை மீட்டர் உயரத்துக்கு நறுக்கி விட்டால் பக்கத் தண்டுகள் நிறைய வெடித்து வேலி நெருக்கமாகும். நறுக்கிய தழையைச் செடிக்கடியில் மூடாக்காகப் போடலாம். முளைக்குருத்து மண்ணோடு ஒட்டி இருப்பதால் மாடு மேய்ந்தாலும் மறுபடி துளிர்க்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியம்: கரையைக் காக்க நட்ட வெட்டிவேரில் வேர் எடுக்கக் கூடாது. வாசனைக்கு ஆசைப்பட்டுத் தோண்டினால், இறுகிய மண்ணை நாமே இளக்கி விடுகிறோம். விற்பனைக்கு வேண்டுமானால் சமதரையில் தனியாகப் போடுங்கள்.

அளவோடும் நம்ப வேண்டும். முதல் வருஷத்தில் இது கரையைப் பெரிதாகக் காக்காது. வேலி நெருங்கி வர ஒன்றிரண்டு வருஷம் ஆகும். வேர் எட்டாத ஆழத்தில் நடக்கும் பெரிய மண்சரிவுக்குத் தடுப்புச் சுவர்தான் கட்ட வேண்டும்.

நான் தோற்ற கதை

நம் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சரிவு மழை பெய்தால் கரைந்து வடிகாலை அடைக்கும் அல்லவா? முதலாண்டில் ஊரிலிருந்து 40 நாற்று கொண்டு வந்து அங்கே நட்டேன். பிழைத்தது 9 தான்! வேப்பமர நிழலில் நட்டேன், இலையை வெட்டவில்லை, செமஸ்டர் பரீட்சை என்று பத்து நாள் தண்ணீர் ஊற்றவில்லை. வெட்டிவேர்க்காரர் மகனுக்கே இந்த நிலை! அப்பா கேட்டு விட்டு, "புல்லுதானேன்னு நெனச்சிட்ட இல்ல?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த ஆண்டு அவரே ஒரு சாக்கு நாற்றோடு பஸ் ஏறி வந்தார். வெயில் படும் பக்கத்தில் 9 மீட்டர் நீளத்துக்கு இரண்டு வரிசை, 15 செ.மீ. இடைவெளி, மொத்தம் 120 நாற்று. ஆட்டோ லெவலை நாங்கள் வைத்தோம். அப்பா லென்ஸ் வழியாகப் பார்த்து விட்டு, "இதத்தான் உங்க ஆயா தண்ணி விட்டுப் பார்த்து நட்டுச்சு" என்றார். இன்றைக்கு 111 நாற்று உயிரோடு இருக்கிறது.

இனிக் கேட்க வேண்டிய உதவி. மே மாத விடுமுறையில் நாம் எல்லாரும் ஊருக்குப் போய் விடுவோம். வெயில் கொளுத்தும். புல் இன்னும் சின்னப்பிள்ளை. கல்லூரிக்குப் பக்கத்தில் வீடு உள்ள தோழர்கள் முறை போட்டுக்கொண்டு, இரண்டு நாளைக்கு ஒரு தடவை ஆளுக்குப் பத்துக் குடம் ஊற்றினால் போதும். பெயர் கொடுக்க விரும்புவோர் இரண்டாம் ஆண்டு சிவில் வகுப்புக்கு வாருங்கள்.

மூன்றாண்டில் நாம் போய் விடுவோம். அடுத்து வரும் தம்பி, தங்கைகளின் சைக்கிள் சேற்றில் சாயாமல் நிற்கட்டும். அவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லி விட்டுப் போவோம்: வாசனையாக இருக்கிறதே என்று யாரும் தோண்டி விடாதீர்கள்.



– இரண்டாம் ஆண்டு சிவில் மாணவன்