உடம்புக்குள்ளே ஒரு கணக்கப்பிள்ளை



விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் நிற்கும்போது குளிர் எலும்பு வரைக்கும் ஏறுகிறது. கம்பளிக்குள்ளே உடம்பு நடுங்குகிறது. அந்த நேரம் பார்த்துத்தான் அடிக்கடி ஒன்றுக்கு வருகிறது. அதே ஆள் பதினொரு மணிக்கு வெயில் ஏறிய மலையில் கூடையோடு நிற்கும்போது வியர்வை ஊற்றுகிறது. ஒன்றுக்கு வருவதே அபூர்வம், வந்தாலும் சாயத்தண்ணி நிறத்தில் கொஞ்சமாக வருகிறது. ஏன் இப்படி?

வெளியே குளிரானாலும் வெயிலானாலும் உடம்பின் உட்சூடு 37 பாகை செல்சியஸ் அளவிலேயே இருக்க வேண்டும். குளிரில் தோலுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கி, சூடு வெளியே போகாமல் இரத்தத்தை உள்பக்கம் தள்ளுகின்றன. உள்ளே இரத்தம் கூடியதும், 'தண்ணீர் மிச்சமாகிவிட்டது' என்று எண்ணிச் சிறுநீரகங்கள் கொஞ்சத்தை வெளியே விட்டுவிடுகின்றன. வெயிலில் எல்லாம் தலைகீழ். தோல் வியர்வையைக் கசிய விடுகிறது, அது காயும்போது உடம்புச் சூட்டையும் கொண்டுபோகிறது. ஆனால் போன தண்ணீரை யார் கணக்கு வைப்பது?

அதற்கு ஒரு கணக்கப்பிள்ளை இருக்கிறார். மூளையின் அடிப்பக்கத்தில், கொட்டைப்பாக்கை விடச் சிறிய ஓர் இடம். இரத்தம் அந்த வழியே ஓடும்போதெல்லாம் அதில் உப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அது நிறுத்துப் பார்க்கிறது. நம் கொழுந்துத் தராசைப் போல அல்ல, இந்தத் தராசு ஏமாற்றாது! உப்பின் செறிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கூடினாலே போதும், உடனே இரண்டு கட்டளை பறக்கும். ஒன்று நமக்கு: தாகம். மற்றது இரத்தத்தில் கலந்து ஓடும் ஒரு சுரப்பு நீர். அது சிறுநீரகங்களுக்குப் போய், 'தண்ணீரை வீணாக்காதே, பிடித்து வை' என்று சொல்கிறது.

சிறுநீரகங்கள் இரண்டும் ஒவ்வொன்றும் கைப்பிடி அளவுதான். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. ஒரு நாளைக்கு அவை வடிகட்டி எடுக்கும் நீர் சுமார் 180 லீட்டர். அதாவது 20 லீட்டர் கேனில் ஒன்பது கேன்! அதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் திரும்ப இரத்தத்துக்கே கொடுத்துவிட்டு, ஒன்றோ இரண்டோ லீட்டரைக் கழிவோடு சேர்த்துச் சிறுநீராக அனுப்புகின்றன.

இனி நம் கொழுந்துப் பெண்களின் விஷயத்துக்கு வருவோம். காலையில் ஒரு கோப்பை தேத்தண்ணியோடு மலைக்கு ஏறி, மத்தியானம் வரைக்கும் ஒரு மிடறு தண்ணீர் குடிக்காதவர்கள் ஏராளம். கேட்டால், "குடிச்சா ஒண்ணுக்கு வருமே, எங்க போறது?" என்கிறார்கள். பல மலைகளில் கக்கூஸ் கிடையாது என்பது உண்மை. ஆகவே குடிக்காமலும் அடக்கிக்கொண்டும் நாளைக் கடத்துகிறார்கள். கணக்கப்பிள்ளை என்ன செய்வார்? இருப்பதைச் சுருட்டிப் பிடித்து வைப்பார். சிறுநீர் கடுத்துப்போகும், தலை வலிக்கும், கால் கெண்டை இழுக்கும். பல வருடம் இப்படியே போனால் சிறுநீர்ப்பையில் கிருமி தங்கவும், சிறுநீரகத்தில் கல் சேரவும் வழியாகிறது. எரிச்சலோடும் காய்ச்சலோடும் ஒன்றுக்குப் போனால் வெட்கப்படாமல் தோட்ட டிஸ்பென்சரியில் சொல்லுங்கள். தண்ணீர்ப் போத்தலைக் கூடையோடு கொண்டுபோங்கள். தேத்தண்ணியும் தண்ணீர்க் கணக்கில் சேரும். (இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மட்டும் வைத்தியர் சொன்ன அளவில் குடிக்க வேண்டும்.) மலையில் மறைவிடம் கேட்பது சலுகை கேட்பது அல்ல, மாதர் சங்கக் கூட்டத்தில் அதைத் துணிந்து பேசலாம்.

பெரியவர்கள் உடம்பு இப்படி எத்தனையோ நாள் தாக்குப் பிடிக்கும். சின்னப் பிள்ளைக்கு அந்த அவகாசம் கிடையாது.

லயத்தில் அடிக்கடி எங்களிடம் கேட்கப்படும் கேள்வி இது: "வயித்தால போற புள்ளைக்குத் தண்ணி குடுத்தா இன்னும் போகாதா, ஐயா?" அப்பாயிமார் பலரும் அப்படித்தான் நம்பி, குடலுக்கு ஓய்வு கொடுப்பதாகத் தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். இது தப்பு. கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வயிற்றால் போவது போய்க்கொண்டுதான் இருக்கும். பத்துக் கிலோ எடையுள்ள பிள்ளையின் உடம்பிலிருந்து ஒரு லீட்டர் நீர் போய்விட்டாலே உயிருக்கு ஆபத்தான கட்டம். கூடவே உப்பும் போகிறது. கணக்கப்பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், வரவு இல்லாமல் வெறும் செலவை என்ன செய்ய முடியும்?

வெறும் தண்ணீர் மட்டும் போதாது என்பதற்கும் காரணம் உண்டு. குடலின் சுவரில் ஒரு கதவு இருக்கிறது. உப்பும் சீனிச்சத்தும் ஒன்றாக வந்தால்தான் அது திறக்கும், அவற்றின் பின்னால் தண்ணீரும் உள்ளே போகும். வயிற்றோட்டத்திலும் இந்தக் கதவு பெரும்பாலும் கெடுவதில்லை. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து மேற்கு வங்காளத்தின் பொங்காவுக்கு வந்த அகதிகளிடையே வாந்திபேதி பரவியது. ஏற்றுவதற்கு சேலைன் தீர்ந்து போனது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கலந்து, தாய்மாரையும் உறவினரையும் கொண்டே கோப்பை கோப்பையாகக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 4 பேருக்கும் கீழே இறங்கியது. அவர் 2022இல் காலமானார். நம் ஊரில் 'ஜீவனி' என்று பக்கெட்டில் கிடைப்பது அதே வழிதான். 2002இல் உலக சுகாதார ஸ்தாபனம் அதில் உப்பையும் சீனிச்சத்தையும் முன்பைவிடக் குறைத்தது.

ஒரு பக்கெட்டை முழுவதும், கொதித்து ஆறிய ஒரு லீட்டர் தண்ணீரில் கரையுங்கள். பாதிப் பக்கெட், குத்துமதிப்பு எல்லாம் வேண்டாம். 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்காதீர்கள். பக்கெட் கைக்கு வரும்வரை, ஒரு லீட்டர் தண்ணீரில் தட்டையாக வழித்த 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். கண்ணீரை விட உப்புக் கரித்தால் ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள், கூடிய உப்பு பிள்ளைக்குக் கெடுதல். சோடாவும் சீனி அதிகம் போட்ட தேத்தண்ணியும் குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றோட்டத்தைக் கூட்டும். இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு முறை போனபின்பும் கால் முதல் அரைக் கோப்பை, கரண்டியால். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மெதுவாகத் திரும்பத் தொடங்குங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஜீவனி வயிற்றோட்டத்தை உடனே நிறுத்தும் மருந்து அல்ல, போனதை ஈடு செய்வது. சிங்க் மருந்து பற்றியும் டிஸ்பென்சரியில் கேளுங்கள்.

கண் குழிவிழுந்தால், அழுதும் கண்ணீர் வராவிட்டால், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகப் படிந்தால், ஆறு மணித்தியாலமாக ஒன்றுக்குப் போகாவிட்டால், மலத்தில் இரத்தம் தெரிந்தால், பிள்ளை சோர்ந்து குடிக்கவே மறுத்தால், அது இரவாக இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வாகனம் வரும்வரையும் பிறகு போகும் வழியிலும், பிள்ளை விழுங்குகிறதென்றால், கரண்டி கரண்டியாக ஜீவனி கொடுத்துக்கொண்டே இருங்கள்.