நேரியக்கச் சுக்கான்: வீட்டுப் பந்தயத்திற்கு ஏற்றதைத் தெரிதல்

நுவரெலியாவை அடுத்த மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்திலே 1934ஆம் ஆண்டில் மோட்டார் மலையேற்றப் பந்தயம் தொடங்கியது. ரதெல்லத் தோட்டத்துப் பாதையும் இத்தகைய பந்தயத்தாற் பெயர் பெற்றதே. ஆகவே, வேகத்தின்மீது மலைநாட்டு இளைஞர் கொண்ட வேட்கை நேற்று முளைத்ததன்று. அவ்வேட்கை இன்று வீட்டினுள்ளும் புகுந்துவிட்டது. கணினித் திரையிற் பாதை ஓட, மேசையிற் பூட்டிய சக்கரத்தைப் பிடித்து ஓட்டும் பாவனைப் பந்தயத்தை ‘சிம் ரேசிங்’ என இளைஞர் வழங்குவர்.

கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவர் பலர், தம்பிமார்க்கும் மருமக்களுக்கும் இக்கருவியைப் பரிசாக அனுப்ப விழைகின்றனர். ஊரிலுள்ள பெற்றோரோ, பிள்ளை கேட்கும் பொருள் இன்னதென அறியாது திகைக்கின்றனர். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நகைப்பாரும் உளர். பொருள் கொடுத்து வாங்குமுன் சொல்லின் பொருள் தெரிதல் நன்றன்றோ? அவ்வளவே நம் வேலை.

நேரியக்கம் என்பது யாது?

பழைய தேயிலைத் தொழிற்சாலையைக் கண்டோர்க்கு இதனை விளக்குதல் எளிது. அங்கே ஓர் எஞ்சினோ நீர்ச்சில்லோ கூரையடியில் நீண்டு கிடக்கும் இருப்புத் தண்டினைச் சுழற்றும். அத்தண்டிலிருந்து இறங்கும் பட்டிகள் கொழுந்தரைக்கும் ரோலர்களை இயக்கும். பட்டி இழுபடும், சிலவேளை வழுக்கும், விசையின் ஒரு பகுதி இடைவழியிலே கழியும். ரோலர் ஒவ்வொன்றுக்கும் தனி மின்மோட்டார் வந்தபின் அந்நெடும் பட்டிகள் ஒழிந்தன.

பந்தயச் சக்கரத்தின் வரலாறும் இத்தகையதே. லொஜிடெக் ஜி29 போன்ற கருவியிலே சிறு மோட்டாரின் விசை பற்சக்கரங்கள் வழியாகக் கைக்கு வரும். திரஸ்ட்மாஸ்டர் டி300 போன்றவற்றில் அது பட்டி வழியாக வரும். நேரியக்கக் கருவியிலோ மோட்டாரின் அச்சிலேயே சக்கரம் பூட்டப்படும். இடையில் யாதொன்றும் இல்லை. இதனையே ‘டைரக்ட் டிரைவ்’ என்பர். தொடக்கத்தில் ஆர்வலர் சிலர் தொழிற்சாலைகளுக்குரிய சர்வோ மோட்டார்களைக் கொண்டு இதனைத் தாமே அமைத்தனர். 2021இல் ஜெர்மனியின் ஃபனாடெக் நிறுவனம் சி.எஸ்.எல். டி.டி. என்னும் சிறு கருவியை வெளியிட்ட பின்னரே இது எளிய வீடுகளை எட்டத் தொடங்கியது. சீனத்து மோசா நிறுவனத்தின் ஆர்5, ஆர்9 என்பனவும் அவ்வழியில் வந்தவை.

சக்கரம் சொல்லும் செய்தி

கினிகத்தேனை வளைவுகளில் மழைநாளில் வண்டி ஓட்டுவோர் ஒன்றை நன்கறிவர். முன்சில்லுகள் தரையைப் பற்றியிருக்குமளவும் சுக்கான் தானே நடுநிலைக்குத் திரும்ப முயன்று கையை எதிர்க்கும். பிடி தளரும் எல்லையை அணுகும்போது அவ்வெதிர்ப்பு குறைந்து சுக்கான் இலேசாகும். பிடி முற்றும் அறுமுன்னரே இவ்வெச்சரிக்கை வந்துவிடும். நல்ல சாரதி கண்ணால் அறிவதற்கு முன்பே கையால் அறிவது இதனாலேயாம்.

பற்சக்கரக் கருவியிலே இந்நுண்மை பற்களின் கடகடப்பிலும் நடுவிலுள்ள தளர்விலும் மறைந்துபோகும். நேரியக்கத்தில் அது தெளிவாக வரும். நேரியக்கத்தை வாங்குதற்குரிய காரணம் இத்தெளிவே. பலர் கருதுவதுபோல் கையை முறிக்கும் பாரம் காரணமன்று.

விசையின் அளவு

விசையை நியூட்டன் மீற்றர் என்னும் அலகால் அளப்பர். ஒரு நியூட்டன் என்பது ஏறத்தாழ 100 கிராம் எடையின் இழுப்பு. 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சக்கரத்தின் விளிம்பிலே, 5 நியூட்டன் மீற்றர் முறுக்கு விசை சுமார் மூன்றரைக் கிலோப் பாரமாகத் தோன்றும். 12 என்பது 8 கிலோவாகும். 25 என்பது 17 கிலோவாகும். இக்கடைசி அளவு, பல தோட்டங்களில் ஒரு நாளைக்குப் பறிக்கவேண்டிய கொழுந்தின் எடையை நெருங்குவது. பொழுதுபோக்கிற்கு இத்துணைப் பாரம் எதற்கு?

எனினும், மிகச் சிறிய விசையிலும் ஒரு குறையுண்டு. கோயில் திருவிழாவிலே சிறிய ஒலிபெருக்கியை அதன் எல்லைவரை முடுக்கினால் பாட்டு இரைச்சலாய் மாறும். அதுபோல, சிறு மோட்டாரை முழு விசையில் வைத்தால் மேலெல்லையைத் தொட்ட செய்திகளெல்லாம் ஒன்றாய்க் கலங்கி, வளைவின் பாரத்திற்கும் மேட்டின் அதிர்விற்கும் வேற்றுமை தோன்றாது. ஆதலின் தொடக்கக்காரருக்கு 5 முதல் 9 வரையும், பல்லாண்டு பழகக் கருதும் வளர்ந்தோர்க்கு 8 முதல் 12 வரையும் சாலும். பெரிய மோட்டாரைக் குறைத்து வைத்து ஓட்டுதல் நன்று. சிறியதை இறுதிவரை முடுக்குதல் நன்றன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாவனை வண்டி சுவரில் மோதினாலும் சக்கரம் மெய்யாகவே கையைத் திருகும். பெருவிரலைச் சக்கரத்தின் ஆரங்களுக்குள் நுழைத்துப் பிடிக்கலாகாது. மோதல் நேருமென்று கண்டவுடன் கையை விட்டுவிடல் வேண்டும். சிறுவர் ஓட்டும்போது விசையைக் குறைத்தல் பெற்றோர் கடன்.

மிதியும் மேசையும்

கையிருப்பு முழுவதையும் சக்கரத்திற் கொட்டிவிட்டு, மிதிகளை இலவச இணைப்பாகக் கருதுவோர் பலர். ஓட்ட நேரத்தைக் குறைப்பதிற் பிரேக்கு மிதிக்குள்ள பங்கு பெரிது. மலிவான மிதி, கால் எவ்வளவு தூரம் சென்றதென்பதை அளக்கும். ‘லோட் செல்’ பொருத்திய மிதி, கால் எவ்வளவு அழுத்தியது என்பதை அளக்கும். காலின் நினைவு தூரத்தைவிட அழுத்தத்தையே நன்கு பற்றிக்கொள்வது. மெய்யான வண்டியிலும் அவ்வாறே மிதிக்கின்றோம். ஆகையால் 12 நியூட்டன் மீற்றர் மோட்டாரும் மலிவான மிதியும் வாங்குதலினும், 8 உடையதும் லோட் செல் மிதியும் வாங்குதல் அறிவுடைமை.

அடுத்தது அடித்தளம். லயத்து அறையிலுள்ள மெல்லிய பலகை மேசை இவ்விசையைத் தாங்காது. மேசை ஆடினால் செய்தியும் ஆடும். உருளைக் காலுடைய நாற்காலியோ, பிரேக்கை அழுத்துந்தோறும் பின்னோக்கி ஓடும். ஊர்த் தச்சரைக் கொண்டு கனத்த மரச்சட்டம் ஒன்று செய்வித்து, சக்கரம், மிதி, இருக்கை மூன்றையும் அதிலே பிணைத்தல் செலவு குறைந்த வழி.

அனுப்புவோர் கவனத்திற்கு

மோட்டார், பிடிசக்கரம், மிதி என்பன பெரும்பாலும் தனித்தனியே விற்கப்படும். ஒரு நிறுவனத்தின் மோட்டாரோடு மற்றொன்றின் சக்கரம் பொருந்துவது அரிது. கணினிக்கு உதவுவதெல்லாம் பிளேஸ்டேஷனுக்கோ எக்ஸ்பாக்ஸுக்கோ உதவாது. பிள்ளையிடம் உள்ளது எது என்று முதலிற் கேட்டறிக. மின்வழங்கி இந்நாட்டின் 230 வோல்ட்டுக்கு உரியதாவென அதன் முகப்புச் சீட்டிற் பார்த்துக்கொள்க. சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமின்னல் மலைநாட்டிற்கு வழமையாதலின், ஓட்டம் முடிந்ததும் செருகியைக் கழற்றிவிடும்படி சொல்லி அனுப்புக.

விலையும் பயனும்

2021இல் ஃபனாடெக்கின் சிறு மோட்டார் ஏறத்தாழ 350 டொலர் விலையில் வெளிவந்தது. சக்கரமும் மிதியும் அதிற் சேரா. டொலர் சுமார் 200 ரூபாய் விற்ற அக்காலத்தில் அது 70,000 ரூபாய். அவ்வாண்டே தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. எழுபது நாள் உழைப்பின் பெறுமதியை மேசையில் வைக்கின்றோம் என்னும் உணர்வு, வாங்கித் தருவோர்க்கும் ஓட்டுவோர்க்கும் இருத்தல் வேண்டும். பற்சக்கரக் கருவியிற் சில மாதம் பழகி, ஆர்வம் நிலைத்த பின்னர் நேரியக்கத்தை நாடுதல் தக்கது. நண்பர் மூவர் கூடி ஒன்றை வாங்குதலும் நன்றே.

இஃது வீண் விளையாட்டெனத் தள்ளிவிடுதலும் பொருந்தாது. ஸ்பெயின் நாட்டு லூகாஸ் ஓர்டோனெஸ் 2008இல் பாவனைப் பந்தயப் போட்டியொன்றில் வென்று, 2011இல் லே மான் 24 மணிநேர ஓட்டத்திலே தம் பிரிவில் இரண்டாம் இடம் பெற்ற அணியில் ஓட்டினார். மறுபுறம், 2024 ஏப்ரல் 21ஆம் நாள் தியத்தலாவைப் பந்தயத்திலே கார் ஒன்று பாதை விலகிப் பார்வையாளர்மீது பாய்ந்ததில் எழுவர் மாண்டனர். பயிற்சி பெற்றோர்க்கென வகுத்த தடத்திலேயே இந்நிலையாயின், பொதுவீதியில் வேகத்தைச் சோதிக்கும் இளைஞனுக்கும் அவன் எதிரே வருவோர்க்கும் நேரக்கூடியது யாதென யாம் கூற வேண்டுவதில்லை.

பிழை செய்யாது சாரதித் தொழில் பயின்றவர் எவருமிலர். அப்பிழைகளுட் சிலவாவது உயிர்ச்சேதமின்றி அறைக்குள்ளே நிகழுமாயின், அதற்கு உதவிய கருவி தன் விலையைத் தந்ததாகும். முதலில் உறுதியான சட்டம், அடுத்து நல்ல மிதி, அதன்பின் அளவான மோட்டார். இவ்வரிசையிற் பணத்தைச் செலவிடுவோர் ஏமாறார்.