மெட்டுக்கு எழுதிய தலைப்பு

'செய்தித் தலைப்பில் சினிமாப் பெயரையும் பழமொழியையும் செருகுகிறார்களே, இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும்தானா?' என்று திருநெல்வேலி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. இந்த வித்தையில் நான் அறிந்த உச்சம், ஸ்காட்லாந்துக் கால்பந்துச் செய்தி ஒன்றின் தலைப்பு.

2000 பிப்ரவரி 8, ஸ்காட்டிஷ் கோப்பை ஆட்டம். 1967-இல் ஐரோப்பியக் கோப்பையையே வென்ற கிளாஸ்கோவின் செல்டிக் அணி, இன்வெர்னஸ் கலிடோனியன் திஸில் என்ற இரண்டாம் நிலை அணியிடம் சொந்த மைதானத்திலேயே 3-1 என்று மண்ணைக் கவ்வியது. வென்ற அணி 1994-இல்தான் உருவானது. செல்லப் பெயர் 'கேலி'. செல்டிக் பயிற்சியாளர் ஜான் பார்ன்ஸின் வேலை அந்த வாரமே போயிற்று. 'தி சன்' நாளிதழ் போட்ட தலைப்பு: 'சூப்பர் கேலி கோ பாலிஸ்டிக், செல்டிக் ஆர் அட்ரோஷியஸ்'. கேலி வெளுத்து வாங்கியது, செல்டிக் படுமோசம் என்று பொருள்.

இதில் என்ன வித்தை? 1964-இல் வந்த 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் ஷெர்மன் சகோதரர்களின் பாட்டு ஒன்று உண்டு. அதன் பெயரே 'சூப்பர்கேலிஃப்ராஜிலிஸ்டிக்எக்ஸ்பியாலிடோஷியஸ்' என்ற ஒற்றைச் சொல். ஆங்கில உச்சரிப்பில் எண்ணினால் 14 அசை. தலைப்பும் சரியாக 14! 'லிஸ்டிக்' என்ற ஒலி இரண்டிலும் ஏழு, எட்டாம் அசைகளில் விழுகிறது. கடைசியில் 'டோஷியஸ்' இருந்த இடத்தில் 'ட்ரோஷியஸ்'. அந்த 'அட்ரோஷியஸ்'கூடப் பாட்டிலேயே இயைபுக்காக வரும் சொல்தான். 'தானனா'வுக்குச் சொல் பொருத்தும் நம் சினிமாக் கவிஞரின் வேலைதான் இது. கூடுதல் நிபந்தனை ஒன்று உண்டு: பொருத்திய சொல் நேற்றைய ஆட்டத்தின் உண்மையாகவும் இருக்கவேண்டும்.

அந்தப் படத்தையே பார்க்காதவருக்கும் யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பது புரிந்துவிடும். பாட்டு தெரிந்தவருக்குச் சிரிப்பு உபரி.

தமிழில் இதற்குச் சரக்குப் பஞ்சமா? குறள், பழமொழி, வடிவேலு வசனம் என்று குவிந்து கிடக்கிறது. நாமோ ஓடுகிற படத்தின் பெயரைப் பிடித்து, ஆறு மாதத்துக்கு அகப்பட்ட செய்தியின் தலையிலெல்லாம் கட்டிவிடுகிறோம். எந்தச் செய்தி என்று உள்ளே போய்த்தான் தேடவேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சாலை விபத்துக்கும் தற்கொலைக்கும் பாட்டு வரி போடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. இழவு வீட்டிலும் பேப்பர் வாங்குகிறார்கள் ஐயா!

தலைப்பு எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒரு விண்ணப்பம்: பாட்டை உருவிவிட்டால் செய்தி நிற்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள். சாவுச் செய்தி என்றால் பாட்டே வேண்டாம்.